பட்டியலோடு வந்தவர்களும் அதைப் பதிவு செய்த நீதிபதியும்

தியாகதுருகத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகை முடிந்து நாம் பள்ளியின் படியில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது பெரியவர் ஒருவர் அருகில் வந்தார். அவருடைய மருமகள் குழுக் கடனுக்காக ஆதார், ரேஷன் கார்டு, பேங்க் பாஸ்புக் மூன்றையும் ஓர் ஏஜென்ட்டிடம் காட்டியிருக்கிறார். வந்தவர் மூன்றையும் தன் சொந்த செல்போனில் படம் எடுத்துக்கொண்டு போய்விட்டார். கடன் வரவில்லை. ஆனால் அதற்குப் பிறகு தெரியாத எண்களிலிருந்து அழைப்புகள் மட்டும் வந்துகொண்டே இருக்கின்றன.

"பேரன் காலேஜ் படிக்கிறான் ஹஜ்ரத். எல்லாத்தையும் இப்படிக் காட்டக் கூடாதுன்னு வீட்டுல சத்தம் போடுறான். மறைச்சு வைக்கிறதுக்கு நாம என்ன தப்பு பண்ணினோம்? எடுத்துக்கிட்டுப் போக நம்மகிட்ட அப்படி என்ன இருக்கு?" என்று கேட்டார்.

நம்மில் பெரும்பாலோர் கேட்கும் கேள்விதான் இது. தகவல் பாதுகாப்பு என்றால் பெங்களூரு கம்பெனிகளும் டெல்லி வக்கீல்களும் பேசும் விஷயம், நமக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று நினைக்கிறோம். அன்று அவசரத்தில் ஏதோ சொல்லி அனுப்பிவிட்டோம். முறையான பதிலை இங்கே சொல்ல முயல்கிறோம். அதற்கு ஒரு நீதிபதியின் வாழ்க்கையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். அவர் பெயரை நம் சமுதாயம் ஒரு காரணத்துக்காக நினைவில் வைத்திருக்கிறது. இந்திய இணைய உலகம் வேறொரு காரணத்துக்காக நினைவில் வைத்திருக்கிறது. நம் பார்வையில் அந்த இரண்டு காரணங்களும் ஒன்றுதான்.

தொழிலாளர் சட்டத்திலிருந்து வந்தவர்

பெல்லூர் நாராயணசாமி ஸ்ரீகிருஷ்ணா 1941 மே 21 அன்று பெங்களூரில் பிறந்தார். மும்பை அரசு சட்டக் கல்லூரியில் படித்து, 1967 முதல் அந்நகரின் உயர் நீதிமன்றத்தில் வழக்கறிஞராகத் தொழில் செய்தார். அவருடைய துறை தொழிலாளர் சட்டமும் தொழிற்சாலைத் தகராறுகளும். சமஸ்கிருதத்தில் முதுகலைப் பட்டம் பெற்றவர். உருதுவில் டிப்ளமோவும் முடித்தவர். தன் இந்து சமயத்தில் ஆழ்ந்த பற்றுடையவர் என்று பெயர் பெற்றவர். இதைக் குறிப்பிடக் காரணம் இருக்கிறது. பின்னாளில் அவர் எழுதிய அறிக்கையை 'இந்துக்களுக்கு எதிரானது' என்று சொல்லி ஓர் அரசு ஒதுக்கித் தள்ளியது.

1990-ல் மும்பை உயர் நீதிமன்ற நீதிபதியானார். பணியில் சேர்ந்து மூன்று ஆண்டுகள்கூட நிறையாத நிலையில், எந்த நீதிபதியும் விரும்பி ஏற்காத ஒரு பொறுப்பு அவரிடம் வந்தது. 1992 டிசம்பரிலும் 1993 ஜனவரியிலும் நடந்த மும்பைக் கலவரங்களை விசாரிக்க, 1993 ஜனவரி இறுதியில் மகாராஷ்டிர அரசு அமைத்த ஒருநபர் ஆணையம் அது.

ஐந்து ஆண்டுகள், ஓர் அறிக்கை

பாபரி மஸ்ஜித் இடிக்கப்பட்ட 1992 டிசம்பர் 6-க்குப் பின் மும்பையில் இரண்டு கட்டங்களாகக் கலவரம் நடந்தது. ஆணையத்தின் கணக்குப்படி இறந்தவர்கள் 900 பேர். அவர்களில் 575 பேர் முஸ்லிம்கள், 275 பேர் இந்துக்கள். மற்றவர்களில் 45 பேர் யாரென்றே அடையாளம் காணப்படவில்லை. அடுத்து 1993 மார்ச் 12 அன்று நடந்த தொடர் குண்டுவெடிப்பில் 257 உயிர்கள் போயின.

விசாரணையை முடிக்க ஐந்து ஆண்டுகள் ஆயின. நடுவில் 1996 ஜனவரியில், சிவசேனா - பாஜக கூட்டணி அரசு ஆணையத்தையே கலைத்துவிட்டது. எதிர்ப்புகள் வலுத்தன. பிரதமராகச் சில நாட்களே இருந்த வாஜ்பாயின் வலியுறுத்தலால் அதே ஆண்டு மே மாதம் ஆணையம் மீண்டும் அமைக்கப்பட்டது. அப்போது குண்டுவெடிப்பும் விசாரணை வரம்பில் சேர்க்கப்பட்டது. 1998 பிப்ரவரியில் அறிக்கை அரசிடம் தரப்பட்டது.

அந்த அறிக்கை எந்தத் தரப்புக்கும் சாதகமாக எழுதப்பட்டதல்ல. ஜோகேஸ்வரியின் ராதாபாய் சாலில் இந்துக் குடும்பத்தினர் எரித்துக் கொல்லப்பட்டதை அது தெளிவாகக் கண்டித்தது. முஸ்லிம்கள் தரப்பில் நடந்த வன்முறைகளையும் மறைக்காமல் எழுதியது. அதே நேர்மையோடு, ஜனவரி தாக்குதல்களை முன்னின்று நடத்தியதில் சிவசேனா தலைமைக்கும் தொண்டர்களுக்கும் இருந்த பங்கையும், 31 காவல்துறையினரின் குற்றங்களையும் பதிவு செய்தது.

நம் கட்டுரைக்கு முக்கியமான செய்தி அந்த அறிக்கையில் இன்னொன்று உண்டு. ஜனவரியில் முஸ்லிம்களைத் தாக்க வந்தவர்கள் கண்மூடித்தனமாக வரவில்லை; எந்தக் கடை யாருடையது, எந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று தெரிந்து வந்தார்கள். அவர்கள் கையில் கடைகளின் பட்டியலும் வாக்காளர் பட்டியலும் இருந்தன என்று நீதிபதி எழுதினார்.

வாக்காளர் பட்டியல் தேர்தலுக்காக அரசு தயாரிப்பது. ஓட்டுப் போடும் உரிமைக்காக நாமே விரும்பிப் பெயர் கொடுத்துச் சேர்வது. அதில் மதம் என்று ஒரு கட்டம் கிடையாது. ஆனால் பெயரும் தகப்பனார் பெயரும் தெருவும் கதவு எண்ணும் போதும். நல்ல வேலைக்காகச் சேர்த்த தகவல் வேறொருவர் கைக்குப் போனபோது எந்த வாசலை உடைக்க வேண்டும் என்பதற்கு வழிகாட்டியாகிவிட்டது.

மும்பையில் மட்டும் நடந்தது அல்ல

இது முஸ்லிம்களுக்கு மட்டுமே நேர்ந்தது என்று நினைத்தால் விஷயத்தின் பாதியைத்தான் புரிந்துகொண்டோம். 1983 ஜூலையில் கொழும்பில் தமிழர்களின் வீடுகளையும் கடைகளையும் தேடி வந்த கும்பல்களிடம் வாக்காளர் பட்டியல் இருந்தது. 1984 நவம்பரில் டெல்லியில் சீக்கியர்களின் வீடுகளை அடையாளம் காணவும் அதே பட்டியல்தான் உதவியது. இன்னும் பின்னால் போனால் நெதர்லாந்து. குடிமக்களின் மதத்தையும் சேர்த்து மிக ஒழுங்காகப் பதிவேடு வைத்திருந்த நாடு அது. இரண்டாம் உலகப் போரில் நாஜிகள் அந்நாட்டைப் பிடித்தபோது, யூதர்களைத் தேடிப் பிடிக்க அந்த ஒழுங்கே அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது. 1943 மார்ச்சில் ஆம்ஸ்டர்டாம் நகரின் பதிவேட்டு அலுவலகத்தையே எதிர்ப்பியக்கத்தினர் உயிரைப் பணயம் வைத்துத் தீயிட்டுத் தகர்க்க முயன்றார்கள். தகவலின் ஆபத்தை அவர்கள் அப்படித்தான் புரிந்துகொள்ள நேர்ந்தது.

உலகின் முதல் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 1970-ல் ஜெர்மனியின் ஹெஸ்ஸே மாநிலத்தில் வந்தது. பட்டியல் என்ன செய்யும் என்பதைப் பார்த்த மண்ணில் அது வந்ததில் வியப்பில்லை. இலங்கையும் 2022-ல் தனக்கென ஒரு சட்டம் இயற்றியது.

அறிக்கைக்கு என்ன ஆனது?

1998 ஆகஸ்டில் ஸ்ரீகிருஷ்ணா அறிக்கை சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. அன்றே அதன் முக்கிய முடிவுகளை மாநில அரசு நிராகரித்தது. விசாரணை ஆணையத்தின் அறிக்கை அரசைக் கட்டுப்படுத்தாது என்பது நம் சட்டத்தின் நிலை. பின்னால் வந்த வேறு கட்சிகளின் அரசுகளும் பெரிதாக எதுவும் செய்துவிடவில்லை. வெறுப்புப் பேச்சுக்காக சிவசேனாவின் முன்னாள் எம்.பி. மதுகர் சர்போத்தாருக்கும் வேறு இருவருக்கும் ஓராண்டுச் சிறை என்று தீர்ப்பு வர 2008 ஆனது. சட்டம் ஒழுங்கைக் காக்க அரசு தவறியது என்று உச்ச நீதிமன்றம் சொல்லி, காணாமல் போனவர்களின் குடும்பங்களுக்கு 2 லட்சம் ரூபாயை வட்டியோடு வழங்க உத்தரவிட்டது 2022 நவம்பரில். ஏறக்குறைய முப்பது ஆண்டுகள்.

ஸ்ரீகிருஷ்ணாவோ தன் பாதையில் போய்க்கொண்டிருந்தார். 2001-ல் கேரள உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி, 2002-ல் உச்ச நீதிமன்ற நீதிபதி, 2006-ல் ஓய்வு. ஓய்வுக்குப் பின் ஆறாவது ஊதியக் குழு, தெலங்கானா விவகாரக் குழு என்று கடினமான வேலைகள் அவரைத் தேடி வந்தன. தமிழ்நாட்டுக்கும் ஒருமுறை வந்தார். 2009 பிப்ரவரி 19 அன்று சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் வழக்கறிஞர்களும் போலீசாரும் மோதிக்கொண்டபோது, உச்ச நீதிமன்றம் அவரைத்தான் அனுப்பியது. தன் இடைக்கால அறிக்கையில் வழக்கறிஞர்களின் நடத்தையைக் கடுமையாகச் சாடினார். வழக்கறிஞர்களின் கோபத்தைச் சம்பாதித்துக்கொண்டார். மும்பையில் காவல்துறையைக் குறை சொன்னவர் சென்னையில் வழக்கறிஞர்களைக் குறை சொன்னார். எந்தத் தரப்பு வலிமையானது என்று பார்த்து எழுதுபவர் அல்ல அவர்.

இரண்டாவது அறிக்கை

2017 ஆகஸ்ட் 24 அன்று, அந்தரங்கம் என்பது அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். ஆதார் திட்டத்தை எதிர்த்து 2012-ல் வழக்குப் போட்டவர் கே.எஸ். புட்டசாமி. அவரும் கர்நாடகத்தைச் சேர்ந்த ஓய்வுபெற்ற நீதிபதி. வழக்குத் தொடுத்தபோது வயது எண்பதைத் தாண்டியிருந்தது. அந்தத் தீர்ப்புக்குச் சில வாரங்களுக்கு முன், 2017 ஜூலை 31 அன்று, தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு வரைவு தயாரிக்க ஒன்றிய அரசு ஒரு குழுவை அமைத்திருந்தது. தலைவர், நீதியரசர் ஸ்ரீகிருஷ்ணா.

குழுவின் மீது அன்றே விமர்சனம் இருந்தது. ஆதார் ஆணையத்தின் தலைமை அதிகாரியே அதில் உறுப்பினர். அந்தரங்க உரிமைக்காகப் போராடியவர்களுக்கு இடமில்லை. பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டங்கள் டெல்லி, ஹைதராபாத், பெங்களூரு, மும்பை ஆகிய நகரங்களில் நடந்தன, சென்னையில் நடக்கவில்லை. இந்தக் குறைகளைச் சொல்லத்தான் வேண்டும்.

ஆனாலும் 2018 ஜூலை 27 அன்று அவர் கொடுத்த அறிக்கையிலும் வரைவிலும் மூன்று விஷயங்கள் நம் கவனத்துக்கு உரியவை.

ஒன்று, நம் தகவலைப் பெற்று வைத்திருக்கும் நிறுவனத்துக்கு அவர் கொடுத்த பெயர். உலகில் பல சட்டங்கள் அதைத் 'தரவைக் கட்டுப்படுத்துபவர்' என்கின்றன. இவருடைய குழு 'நம்பிக்கைப் பொறுப்பாளர்' என்ற பொருளில் பெயர் வைத்தது. தகவல் கொடுத்தவரே அதன் மூலவர். வாங்கியவர் அதை அவருடைய நலனுக்காக வைத்திருப்பவர் மட்டுமே. மதரஸாவில் ஓதியவர்களுக்கு இது புதிய சிந்தனை அல்ல. நாம் இதைத்தான் அமானிதம் என்கிறோம். அமானிதமாக வந்த பொருளை வாங்கியவர் தன் இஷ்டத்துக்குச் செலவழிக்க முடியாது.

இரண்டு, மதம், சாதி, உடல்நலம், கைரேகை போன்றவற்றை மற்றத் தகவல்களிலிருந்து பிரித்து, கூடுதல் பாதுகாப்பு தர வேண்டியவை என்று அந்த வரைவு வகைப்படுத்தியது.

மூன்று, அரசுக்கும் கடிவாளம் போட்டது. நாட்டின் பாதுகாப்புக்காக ஒருவரின் தகவலை எடுப்பதானால், அதற்கு நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் இருக்க வேண்டும். அந்தச் சட்டம் சொல்லும் முறைப்படி எடுக்க வேண்டும். தேவையான அளவுக்கு மேல் போகக் கூடாது. கண்காணிக்கும் ஆணையத்தின் உறுப்பினர்களைத் தேர்வு செய்யும் குழுவில் நீதித்துறைக்கும் இடம் கொடுத்தது.

மும்பை அனுபவம்தான் அவரை இப்படி எழுத வைத்தது என்று நாம் அவர் வாயில் வார்த்தைகளைத் திணிக்கப் போவதில்லை. இரண்டு அறிக்கைகளையும் சேர்த்துப் பார்க்கும் நமக்கு அந்தத் தொடர்பு தெரிகிறது, அவ்வளவுதான். பட்டியல் கைமாறினால் என்ன ஆகும் என்று முதல் அறிக்கையில் எழுதியவர், பட்டியலை யார் எந்த நிபந்தனையில் வைத்திருக்கலாம் என்று இரண்டாவதில் எழுதினார்.

வரைவு சட்டமானபோது

இரண்டாவது அறிக்கையும் முதல் அறிக்கையின் வழியில்தான் போனது. 2019 டிசம்பர் 11 அன்று மக்களவையில் அறிமுகமான மசோதாவில் அரசுக்கான கடிவாளம் கழற்றப்பட்டிருந்தது. எந்த அரசு அமைப்புக்கும் சட்டத்திலிருந்து விலக்கு அளிக்க ஒன்றிய அரசே உத்தரவிடலாம் என்று மாற்றப்பட்டது. தேர்வுக் குழுவில் அரசுச் செயலாளர்கள் மட்டுமே மிஞ்சினார்கள். வரைவை எழுதிய ஸ்ரீகிருஷ்ணாவே வெளிப்படையாக எதிர்த்தார். ஜார்ஜ் ஆர்வெல் தன் '1984' நாவலில் காட்டியதைப் போல, எல்லோரையும் எப்போதும் வேவு பார்க்கும் நாடாக இந்தியா மாறிவிடும் ஆபத்து இருக்கிறது என்று எச்சரித்தார். 2020-ல் கொரோனா காலத்தில் ஆரோக்கிய சேது செயலியைக் கட்டாயமாக்கியபோதும், அதற்குச் சட்டத்தின் ஆதாரம் எங்கே என்று கேட்டவர் அவர்.

அந்த மசோதா 2022 ஆகஸ்டில் திரும்பப் பெறப்பட்டது. புதிதாக எழுதப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்ட் 11 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. அறிவிக்கப்பட்ட கால அட்டவணைப்படி, நிறுவனங்களின் மீதான முக்கியக் கடமைகள் 2027 மே மாதத்தில்தான் முழுமையாக நடைமுறைக்கு வரும்.

இந்தச் சட்டத்தில் நல்லவை இல்லாமல் இல்லை. எதற்காகத் தகவல் கேட்கிறார்கள் என்ற அறிவிப்பைத் தமிழிலேயே பெறலாம். கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். தவறான தகவலைத் திருத்தச் சொல்லலாம், தேவை முடிந்ததை அழிக்கச் சொல்லலாம். 18 வயது நிரம்பாத பிள்ளைகளின் தகவலுக்குப் பெற்றோரின் சம்மதம் வேண்டும். தவறும் நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் போட முடியும்.

குறைகளும் சிறியவை அல்ல. அந்த அபராதம் அரசுக் கருவூலத்துக்குப் போகும். பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு தர இந்தச் சட்டத்தில் வழியில்லை. மதம், சாதி போன்ற தகவல்களுக்கு ஸ்ரீகிருஷ்ணா கேட்ட தனிப் பாதுகாப்பு வகை நீக்கப்பட்டுவிட்டது. அரசு தான் குறிப்பிடும் அமைப்புகளுக்குச் சட்டத்திலிருந்தே விலக்கு அளிக்கும் அதிகாரம் அப்படியே இருக்கிறது. புகார்களை விசாரிக்கும் வாரியத்தை நியமிப்பதும் ஒன்றிய அரசுதான். தனிநபர் தகவல் என்ற காரணத்தைக் காட்டித் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கும் விவரங்களை மறுப்பதும் இப்போது எளிதாகிவிட்டது. குடிமகன் அரசைப் பார்க்கும் ஜன்னல் சிறுத்திருக்கிறது. அரசு குடிமகனைப் பார்க்கும் ஜன்னல் அகலமாகவே இருக்கிறது.

நம் கையில் உள்ள பட்டியல்

அரசையும் கம்பெனிகளையும் பற்றிப் பேசிவிட்டு நம் வீட்டைப் பார்க்காமல் விட்டால் அது நேர்மையல்ல. ஆகவே நாமே செய்த ஒரு தவறைச் சொல்கிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் வேறோர் ஊரில் நாம் இமாமாக இருந்தபோது, ரமளானில் உதவி பெறும் குடும்பங்களின் பட்டியல் ஒன்றைத் தயாரித்தோம். பெயர், தெரு, போன் நம்பர். எதிரே 'கணவர் இல்லை', 'கடன்', 'நோயாளி' என்று குறிப்புகள். கணக்கு வெளிப்படையாக இருக்கட்டும் என்று அதை மஹல்லாவின் வாட்ஸ்அப் குழுவில் போட்டோம். குழுவில் இருநூறு பேருக்கு மேல் இருந்தார்கள். பட்டியல் அங்கிருந்து எங்கெங்கோ போனது. பட்டியலில் இருந்த ஒரு சகோதரியின் மகளுக்குப் பெண் பார்க்க வந்த குடும்பத்தார் அதைப் பார்த்திருந்தார்கள். வந்த பேச்சு நின்றது. அடுத்த ரமளானில் அந்தச் சகோதரி உதவி கேட்டு வரவில்லை. நாமாகப் போனபோது, "வேண்டாம் ஹஜ்ரத், பேரை எழுதாதீங்க" என்று மட்டும் சொன்னார்.

மறைந்திருக்கும் குறைகளைத் துருவித் தேடாதீர்கள் என்று அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 12-ஆம் வசனம் தடுப்பதையும், அனுமதியின்றி அடுத்தவர் வீட்டுக்குள் நுழையாதீர்கள் என்று அந்நூர் அத்தியாயம் கட்டளையிடுவதையும் மிம்பரில் நின்று எத்தனையோ முறை பயான் செய்திருக்கிறோம். ஒரு பெண்ணின் வறுமையை இருநூறு பேருக்கு அனுப்பியபோது அந்த வசனங்கள் நமக்கு நினைவுக்கு வரவில்லை.

ஜமாஅத்தின் குடும்பப் பதிவேடு, நிக்காஹ் தஃப்தர், மதரஸா பிள்ளைகளின் ஆதார் நகல்கள், ஜகாத் பட்டியல் எல்லாமே இன்று கம்ப்யூட்டருக்குள் போய்க்கொண்டிருக்கின்றன. டிஜிட்டலாக வைத்த கணத்தில் நாமும் சட்டத்தின் பார்வையில் பொறுப்பாளர்கள் ஆகிறோம். ஆகவே சில எளிய நடைமுறைகளை இப்போதே தொடங்கலாம். உதவி பெறுபவரின் பெயரும் படமும் எந்தக் குழுவிலும் வரக் கூடாது. மொத்தக் கணக்கு மட்டும் போதும். பதிவேட்டைப் பார்க்கும் உரிமை இரண்டு மூன்று பொறுப்பாளர்களுக்கு மட்டும் இருக்கட்டும். வேலை முடிந்த ஆதார் நகல்களைக் கிழித்துப் போடுங்கள். கணக்கெடுப்பு என்று சொல்லி யார் வந்து மஹல்லா பட்டியலைக் கேட்டாலும், எந்த உத்தரவின்படி என்று எழுத்தில் கேளுங்கள். உத்தரவு இருந்தால் கொடுங்கள், இல்லையென்றால் மரியாதையாக மறுத்துவிடுங்கள்.

வீடுகளிலும் அப்படித்தான். நகல் கொடுக்கும்போது எதற்காக, எந்தத் தேதியில் கொடுத்தோம் என்று அதன் மேலேயே எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். முன்பின் தெரியாதவரின் சொந்த செல்போனில் படம் எடுக்க விடாதீர்கள். ஓ.டி.பி.யை யாருக்கும் சொல்லாதீர்கள். ஆதார் எண்ணின் கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் நகலை ஆதார் இணையதளத்திலேயே எடுக்கலாம். ஏற்றுக்கொள்ளும் இடங்களில் அதையே கொடுங்கள்.

பெரியவருக்கு இப்போது நம் பதிலைச் சொல்லலாம். மறைக்க வேண்டிய குற்றம் எதுவும் உங்களிடம் இல்லை, உண்மைதான். மும்பையில் கதவு உடைக்கப்பட்ட வீட்டுக்காரர்களிடமும் எந்தக் குற்றமும் இல்லை. அவர்கள் பெயரும் கதவு எண்ணும் ஒரு தாளில் இருந்தன, அந்தத் தாள் தவறான கைக்குப் போனது, அவ்வளவுதான். எடுத்துக்கொண்டு போக உங்களிடம் இருப்பது அதுதான்: நீங்கள் யார், எங்கே இருக்கிறீர்கள், உங்கள் கஷ்டம் என்ன என்பது. உங்கள் பேரன் போட்ட சத்தம் நியாயமானது. அடுத்த முறை யாராவது வீட்டுக்கு வந்து ஆதாரைக் கேட்டால், மருமகள் பேரனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசட்டும்.